பிணைச்சலில் இருந்த குங்குமம்

கொக்குவில்
24.01.2025

ஜெனிற்றாவுக்கு,

செவ்வாய்க்கிழமையிலிருந்து பதினொரு தடவை அழைத்துவிட்டேன். நீர் எடுக்கவில்லை. குருநகருக்கு வந்து உமது வாசலில் நிற்க எனக்கு மனமில்லை. ஆகவே எழுதுகிறேன். தம்பிராசா அண்ணையின் ஓட்டோவில் கொடுத்தனுப்புகிறேன், பதிலையும் அவரிடமே கொடும்.

நடந்தது உமக்குத் தெரியும். அதன் பிறகு நடந்தது தெரியாது. பரிசோதனைக்கு வந்தவர்கள் எங்கள் பல் சிகிச்சை நிலையத்தின் பதிவைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டார்கள். வாசலில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. ரயிலுக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி வாசித்துவிட்டுப் போகிறார்கள். நான் ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டு உள்ளே இருக்கிறேன்.

பெப்ரவரி 18ஆம் திகதி விசாரணை. இரண்டு கேள்விகளுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். சரியாகக் கழுவாத, பல் கழற்றும் குறடு, கழுவி அவித்த கருவிகளின் உறைக்குள் எப்படிப் போனது? கழுவியதாகப் பதிவுக் கொப்பியில் எழுதியது யார்?

இரண்டுக்கும் விடை நீர்தான். பதினொரு வருடமாகக் கருவிகளைக் கழுவி, அவித்து, உறையிலிட்டு, கொப்பியில் பதிந்தது நீர். வேண்டுமென்று செய்தீர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். இத்துடன் ஒரு வாக்குமூலம் இருக்கிறது. ‘வைத்தியரின் அறிவுறுத்தலை மீறி, அவருக்குத் தெரியாமல்’ என்ற வசனம் சட்டத்தரணி சேர்த்தது, அதை மாற்ற முடியாது. பத்தாம் திகதிக்கு முன் ஒப்பமிட்டு அனுப்பும். அனுப்பினால் என்னை எச்சரிக்கையோடு விடுவார்கள். உமக்கு வேறு இடத்தில், கருவி தொடாத வேலை எடுத்துத் தருவது என் பொறுப்பு. அனுப்பாவிட்டால் பத்தொன்பது வருடமாக நான் நடத்திய இடம் மூடப்படும்.

அன்று உம்மை வெளியே போகச் சொன்னது கோபத்தில். அதைப் பிறகு கதைக்கலாம்.

உதயகலா


குருநகர்
28.01.2025

டொக்டர்,

தொலைபேசியை வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை. நீங்கள் கதைத்தால் நான் ஓம், ஓம் என்று சொல்லிவிடுவேன். பதினொரு வருடப் பழக்கம். எழுத்தென்றால் யோசித்து ‘இல்லை’ என்று சொல்லலாம். ஆகவே சொல்கிறேன். இல்லை, ஒப்பமிட மாட்டேன்.

உங்கள் தாளில் இருக்கும் கதை வேறு. நான் கதவடியில் நின்று பார்த்த கதை வேறு. அதை எழுதிவிடுகிறேன்.

கீர்த்திகா என்ற அந்த அலுவலர் மேசை லாச்சியைத் திறந்து மேலே இருந்த உறையை எடுக்கவில்லை. கையை அடிவரை விட்டு ஒன்றை எடுத்தா. ஏழாம் இலக்கக் குறடு. உறையைக் கிழித்து, குறட்டின் வாயைத் திறந்து, விளக்கின் கீழ் பிடித்து, இரண்டு அலகும் சேருகிற பிணைச்சலுக்குள் வெள்ளைத் துணியை முறுக்கி விட்டா. துணி சிவப்பாக வந்தது.

“டொக்டர், இது ரத்தமோ?” என்று கேட்டா.

நீங்கள் சிரித்தீர்கள். சிரிக்க வேண்டாம் என்று நான் மனதுக்குள் செபித்தேன்.

“சீச்சீ, ரத்தமில்லைப் பிள்ளை, குங்குமம். வாணி விழாவுக்குக் கருவியளைப் பூசையில வைச்சனாங்கள்.”

“வாணி விழா எப்ப டொக்டர்?”

“ஒக்ரோபரில.”

அவ கொப்பியைப் புரட்டினா. “பூசைக்குப் பிறகு இந்தக் குறடு பதினைஞ்சு தரம் பாவிச்சிருக்கு. பதினைஞ்சு தரமும் பிறஸ் போட்டுத் தேய்ச்சுக் கழுவி அவிச்சதெண்டு எழுதிக் கிடக்கு. ஒரு தரம் ஒழுங்காப் பிறஸ் போட்டிருந்தாலே குங்குமம் போயிருக்குமே.”

அப்போதுதான் உங்களுக்கு விளங்கியது. இரத்தம் என்று சொல்லியிருந்தால் ஒரு நாள் பிழை. குங்குமம் என்றதால் மூன்று மாதப் பிழை. உடனே என்னைத் திரும்பிப் பார்த்து, “வெளியில போ” என்றீர்கள். பதினொரு வருடத்தில் ‘நீர்’ என்பதைத் தவிர வேறு விதமாக என்னை அழைக்காத நீங்கள், அத்தனை பேர் முன்னால் ‘போ’ என்றீர்கள். வாசலில் காத்திருந்த நோயாளிகளைத் தாண்டி நான் கையுறையோடே தெருவுக்கு வந்தேன். ஓட்டோவில் ஏறிய பிறகுதான் அதைக் கழற்றினேன்.

இனிக் கொப்பி. ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி, முப்பது வெறும் பக்கங்களிலும் மேற்பார்வை என்ற இடத்தில் ஒப்பமிட்டுத் தருவது யார்? “நிரப்பி விடும், ஆர் பாக்கப் போகினம்” என்று சொன்னது யார்? சித்திரையில் என்னோடு வேலை செய்த மற்றப் பிள்ளை விலகிப் போன பிறகு ஒருவரையும் எடுக்கவில்லை. பின்னேரத்துக்கு முப்பது வாய், கருவி மூன்று தொகுதி. நீங்கள் உள்ளே நின்று ‘கெதியா, கெதியா’ என்பீர்கள், நான் தண்ணீரில் முக்கி எடுப்பேன். பிறஸ் தேய்ந்துவிட்டது என்று இரண்டு தரம் சொன்னேன். இதெல்லாம் உங்கள் வாக்குமூலத்தில் எந்த வரியில் இருக்கிறது?

ஜெனிற்றா


கொக்குவில்
01.02.2025

ஜெனிற்றா,

நீர் எழுதியதில் பொய் இல்லை. அதுதான் எனக்குக் கோபம். இரண்டு நாள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிழை கண்டுபிடிக்கப் பார்த்தேன்.

ஆனால் நீரும் ஒன்றை நினைக்க வேண்டும். சண்டையில் பாதை பூட்டி, மின்சாரம் இல்லாத காலத்தில் இந்த இடத்தைத் திறந்தவள் நான். விறகடுப்பில் கருவி அவித்தேன். ஒரு குறட்டைக் கழுவ எனக்குத் தெரியாது என்று அந்தப் பிள்ளை கீர்த்திகா சொல்லாமல் சொல்லிவிட்டுப் போகிறாள். நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

நன்றி என்று ஒன்று இருக்கிறது. உமது மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு மாதம் லீவு தரவில்லையா? டிசம்பரில், நத்தாருக்கு முதல் சனிக்கிழமை, வேலையெல்லாம் முடிந்த பிறகு, வலியோடு நின்ற உம்மைக் கையைப் பிடித்துக் கதிரையில் ஏற்றி அந்தக் கடவாய்ப்பல்லைக் கழற்றிவிட்டது யார்? நத்தார்ப் பலகாரம் சாப்பிட வேண்டாமா என்று பகிடி விட்டுக்கொண்டே கழற்றினேன். அதையெல்லாம் மறந்துவிட்டு ‘ஆர் பாக்கப் போகினம்’ என்ற ஒரு வசனத்தை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறீர்.

ஒன்று எனக்கு விளங்கவில்லை. அவசரத்தில் பிறஸ் போடவில்லை, சரி. ஆனால் விஜயதசமிக்கு அடுத்த நாள் இரண்டே இரண்டு நோயாளிகள். பூசைத் தட்டை நான்தான் உமது கையில் தந்து, “வடிவாக் கழுவி எடும்” என்றேன். அன்று நேரம் இருந்தது. பிறகு எத்தனை அவசரம் வந்திருந்தாலும், அன்று நீர் கழுவியிருந்தால் இந்தக் குங்குமம் அங்கே இருந்திருக்காது. ஏன் கழுவவில்லை?

நீர் ஒப்பமிடாவிட்டாலும் விசாரணையில் நான் அதைத்தான் சொல்ல வேண்டிவரும். வைத்தியர் சொல்வதை நம்புவார்களா, உதவியாளர் சொல்வதை நம்புவார்களா என்று யோசியும். இப்படி எழுத எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் எழுதுகிறேன்.

உதயகலா


குருநகர்
06.02.2025

டொக்டர்,

ஏன் கழுவவில்லை என்று கேட்டீர்கள். என்ரை மனுசன் ஜெறோமுக்கும் நான் இதைச் சொல்லவில்லை.

எங்கள் வேதக் கோயிலில் நோயாளிக்கு எண்ணெய் பூசச் சுவாமியார் வந்தால், விரல் துடைத்த பஞ்சைக் குப்பையில் போட மாட்டோம். எரித்துச் சாம்பலை மண்ணில் புதைப்போம். தீர்த்தம் மிஞ்சினால் வடிகாலில் ஊற்ற மாட்டோம். சின்ன வயதில் இருந்தே கையில் ஊறிய பழக்கம்.

அன்று பூசையில் நீங்கள் ஒவ்வொரு குறட்டுக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணை மூடி, பிள்ளைக்குப் பொட்டு வைக்கிற மாதிரி வைத்தீர்கள். கடலை அவித்தது நான், எனக்கும் அதில் ஒரு சந்தோசம். அடுத்த நாள் தட்டைக் கையில் தந்தீர்கள். எச்சிலும் இரத்தமும் ஓடுகிற பேசினில் வைத்து உங்கள் சாமியின் பொட்டைப் பிறஸ் போட்டுத் தேய்க்க எனக்குக் கை வரவில்லை. ஈரப் பஞ்சால் துடைத்தேன். பஞ்சைக் கொண்டுபோய்ச் செவ்வரத்தைச் செடியின் அடியில் புதைத்தேன். மற்றக் குறடுகள் சுத்தமாகிவிட்டன. ஏழாம் இலக்கத்தில் மட்டும் பிணைச்சலுக்குள் சந்தனம் கட்டியாகப் போயிருந்தது. பார்த்தேன். அவிக்கிற மெசினின் சூட்டில் சரியாகிவிடும் என்று உறையில் போட்டேன்.

அழுக்கு மூடின இடத்துக்கு நீராவி போகாது என்று முதல் கிழமையே எனக்குப் படிப்பித்தவர் நீங்கள். தெரிந்துதான் செய்தேன். பிறகு ஒவ்வொரு தரமும் அது என் கண்ணில் படும். முதல் நாளே தேய்க்காததை இப்போது தேய்த்தால் நானே என்னைக் காட்டிக் கொடுத்த மாதிரி இருந்தது. பிறகு நேரமும் இருக்கவில்லை, கூச்சமும் போய்விட்டது.

இது என் பிழை. உங்கள் சட்டத்தரணி எழுதினது அல்ல, இதுதான். இதை முதலாவது தாளில் தனியாக எழுதி, ஒப்பமிட்டு வைத்திருக்கிறேன். 

இரண்டாவது தாளும் இருக்கிறது. அதில் வெறும் பக்கத்து ஒப்பங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். கீழே, பூசைக்குப் பிறகு ஏழாம் இலக்கக் குறட்டால் பல்லுக் கழற்றியவர்களின் பெயர்கள் இருக்கின்றன. எந்தக் குறடு யாருக்கு என்று நோயாளிப் புத்தகத்தில் நாங்கள் எழுதுவதில்லை. ஆனால் எடுத்துத் தந்தவள் நான், எனக்கு ஞாபகம் இருக்கிறது. பதினான்கு பேர். சீனி வருத்தத்தோடு தெல்லிப்பழையில் இருந்து பஸ்ஸேறி வருகிற ஏரம்பு ஐயா. எங்கள் சிமியோன் மாமா. லவீனா, பிள்ளை வயிற்றில், இப்போது ஆறு மாதம். றஜிந்தன். மற்றவர்களும்.

அவர்களுக்கு இரத்தம் சோதிக்க வேண்டும். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஈரலைத் தாக்குகிற செங்கண்மாரிக் கிருமி போயிருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அதை நீங்களும் நானும் தீர்மானிக்க முடியாது.

இந்த முதல் தாள் உங்களுக்குப் போதும் என்று எனக்குத் தெரியும். அதைக் காட்டினால் நீங்கள் தப்பிவிடுவீர்கள். தெரிந்துகொண்டுதான் அனுப்புகிறேன். கொடுப்பதானால் இரண்டையும் கொடுங்கள். ஒன்றை மட்டும் கொடுக்க வேண்டாம்.

ஜெனிற்றா


கொக்குவில்
19.02.2025

ஜெனிற்றா,

முதல் தாளைக் கொடுத்தேன். இரண்டாவதைக் கொடுக்கவில்லை.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே எழுதிவிட்டேன். இரண்டும் என் கைப்பையில்தான் இருந்தன. கீர்த்திகா உமது தாளை இரண்டு தரம் வாசித்தாள். செவ்வரத்தையடிக்கு வந்த இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “இவ்வளவுதானோ டொக்டர்?” என்று கேட்டாள். “ஓம்” என்றேன்.

“இந்தக் குறட்டை ஆர் ஆருக்குப் பாவிச்சதெண்டு சொல்லேலுமோ?”

“அப்பிடிப் பதியிற வழக்கமில்லை. கண்டுபிடிக்கேலாது.”

அதையும் எழுதிக்கொண்டாள். மார்ச் மூன்றாம் திகதி திறக்கலாம். புதிய கொப்பி, புதிய ஆள், மாதம் ஒரு பரிசோதனை. உம்மை இனி எந்தச் சிகிச்சை நிலையத்திலும் கருவி தொடும் வேலைக்கு எடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். நான் கேட்டு வாங்க நினைத்தது எல்லாம் கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தேன், சாப்பிட முடியவில்லை.

யோசித்துப் பாரும். அந்தப் பட்டியல் வெளியே போனால் பதினான்கு வீட்டிலும் சாவீடு மாதிரி இருக்கும். ஒரு பின்னேரத்துக்குள் யாழ்ப்பாணம் முழுக்கத் தெரிந்துவிடும். கிருமி போயிருக்கக்கூடிய சாத்தியம் மிக மிகக் குறைவு. இதை வைத்தியராகச் சொல்கிறேன். ஒன்றும் இல்லாத இடத்தில் ஏன் அத்தனை பேரைப் பயப்படுத்த வேண்டும்?

இரண்டாவது தாளைக் கிழிக்கப் போனேன், முடியவில்லை. என் வீட்டில் வைத்திருக்கவும் முடியவில்லை. இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நீரே கிழித்துவிடும். வேலைக்கு நான் ஒரு வழி பார்க்கிறேன், வரவேற்பு மேசையில் இருப்பதற்குத் தடை இல்லை.

உதயகலா


குருநகர்
21.02.2025

டொக்டர்,

கிழிக்கவில்லை.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். ஜெறோம் பயந்து கதவைச் சாத்தினார். பதினொரு வருடம் உங்களை அண்ணாந்து பார்த்த என்னையே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என் வேலை போனதற்காக இதை எழுதவில்லை. பிழை செய்தேன், போனது சரி. ஆனால் நீங்கள் இப்போதும் என்னிடம் அதே கொப்பியைத்தான் நீட்டுகிறீர்கள். முதலிலேயே ஒப்பத்தை வைத்துவிட்டு, மிச்சத்தை நீர் நிரப்பும் என்கிறீர்கள். கிழிக்க உங்களுக்குக் கை வராது, அதனால் நான் கிழிக்க வேண்டும். எத்தனை நாளைக்கு டொக்டர்?

நேற்றுக் கடற்கரையில் சிமியோன் மாமா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தார். “பல்லு டொக்டர் எப்ப பிள்ளை திறக்கிறா? மற்றப் பக்கமும் ஒண்டு ஆடுது” என்று கேட்டார். வெயில் கண்ணுக்குக் குத்துகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாத்தியம் குறைவு என்கிறீர்கள். லவீனாவுக்கு நேரே போய்ச் சொல்லுங்கள், சாத்தியம் குறைவு என்று.

வருகிற திங்கட்கிழமை, 24ஆம் திகதி, காலை ஒன்பது மணிக்கு அந்த அலுவலக வாசலில் இந்தத் தாளோடு நிற்பேன். நீங்கள் வந்தால் இருவரும் சேர்ந்து கொடுப்போம். வராவிட்டால் நான் தனியே கொடுப்பேன். இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

ஜெனிற்றா


கொக்குவில்
23.02.2025, ஞாயிறு

ஜெனிற்றா,

எழுத வேண்டாம் என்றீர். இது ஒன்று மட்டும்.

உமது கடிதம் வந்ததும் சட்டத்தரணியைத்தான் அழைத்தேன். திங்கட்கிழமைக்கு முன் உம்மை எப்படி மறிக்கலாம் என்று கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன். அவர், “அந்தப் பட்டியல் பிழையெண்டு காட்டினாச் சரி” என்றார். தாளை உமக்கு அனுப்ப முதல் நான் அதைப் பிரதி எழுதி வைத்திருந்தேன். ஏன் எழுதினேன் என்று என்னைக் கேட்க வேண்டாம். நேற்றுக் காலை சிகிச்சை நிலையத்தைத் திறந்து, கழுவும் கொப்பியின் பிரதியையும் நோயாளிப் புத்தகத்தையும் உமது பட்டியலையும் மேசையில் விரித்தேன். நீர் எங்கே பிழை விட்டிருக்கிறீர் என்று திகதி திகதியாகத் தேடினேன்.

பிழை இருந்தது. கொப்பியில் பதினைந்து. கீர்த்திகா அன்று வாய்விட்டுச் சொன்னதும் பதினைந்துதான், நீரே எனக்கு எழுதியதும் பதினைந்துதான். பட்டியலில் பதினான்கு.

பதினான்கையும் திகதியோடு பொருத்தினேன். ஒன்று மிஞ்சியது. டிசம்பர் 21, சனிக்கிழமை. நோயாளிப் புத்தகத்தில் அந்த நேரத்துக்கு ஒருவரும் இல்லை. கணக்கு முடித்து வாசற்கதவைப் பூட்டிய பிறகு நடந்தது, அதனால் எழுதவில்லை.

நத்தாருக்கு முதல் சனிக்கிழமை. கதிரையில் இருந்தது நீர்.

அந்தப் பல்லைப் பற்றி உமக்குச் சொல்லிக் காட்டி நானே கடிதம் எழுதியிருக்கிறேன். நன்றி என்று ஒன்று இருக்கிறது என்று எழுதினேன். அதை வாசித்துவிட்டும் நீர் ஒன்றும் சொல்லவில்லை. அதே குறடு என்று தெரிந்துகொண்டே வாயைத் திறந்தீரா? அல்லது கதிரையில் சாய்ந்த பிறகுதான் கண்டீரா? எதுவென்றாலும், நீர் கழுவாத குறடு என்பதால் உமது பெயரைச் சேர்க்க உமக்கு உரிமை இல்லை என்று நினைத்திருக்கிறீர். உம்மை எனக்கு அவ்வளவு தெரியும்.

ஆனால் அந்தக் குறட்டைப் பிடித்தது நான். இதுவரை ஒருவரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். குறட்டைக் கையில் எடுத்த எவருக்கும் பிணைச்சல் இறுகியிருப்பது தெரியும். எனக்குத் தெரிந்தது. உமது வாய்க்கு மேல் வைத்துக்கொண்டு, “இது இறுகுது, எண்ணெய் விட வேணும்” என்றேன். நீர் கண்ணை மூடிக்கொண்டீர். வலிக்குப் பயந்து மூடினீர் என்று நினைத்தேன். பூசைக்குப் பிறகு பதினைந்து தரமும் அது என் கையில் இறுகியது, ஜெனிற்றா. ஒரு தரமாவது விளக்கைத் திருப்பிப் பார்த்திருக்கலாம். கெதியா, கெதியா என்று நின்றேன்.

நேற்றுப் பகலில் இருந்து பட்டியலில் உள்ளவர்களோடு கதைக்கிறேன். ஏரம்பு ஐயா, “நீங்களாச் சொல்லுறியள் பிள்ளை, அதுவே காணும்” என்றார். றஜிந்தன் இடையிலேயே தொலைபேசியை வைத்துவிட்டான். லவீனாவிடம் நேரே போனேன். அவளுடைய புருசன் முற்றத்தில் நிறுத்தி வைத்துக் கத்தினான், அயல் முழுக்க வந்து பார்த்தது. அவன் கத்தி முடியுமட்டும் நின்றேன். கடைசியில் அவள்தான், “எங்கை போய் ரத்தம் குடுக்கவேணும் டொக்டர்?” என்று கேட்டாள். பதின்மூன்று பேரோடு கதைத்துவிட்டேன். சிமியோனை உம்மோடு வந்து பார்க்கிறேன்.

நாளை ஒன்பது மணிக்கு அலுவலக வாசலில் நிற்பேன். கண்டுபிடிக்க ஏலாது என்று பொய் சொன்ன வாயால் மிச்சத்தையும் சொல்வேன். திறக்க விடமாட்டார்கள் என்று நினைக்கிறேன். விடாவிட்டால் போகட்டும்.

அதற்கு முதல் ஒரு வேலை இருக்கிறது. காலை ஏழு மணிக்குத் தம்பிராசா அண்ணை உம்மை ஏற்ற வருவார். ஓட்டோவில் நான் இருப்பேன். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கும் இடத்தில் முதல் ஆளாக உம்மை இருத்த வேண்டும். மாட்டேன் என்று சொல்ல வேண்டாம்.

அந்தத் தாளைக் கொண்டுவாரும். அடியில் ஒரு வரிக்கு இடம் இருந்தது, பார்த்தேன். பதினைந்தாவது பெயரை என் கையால் எழுதுவேன். நீர் முழுவதையும் ஒருதரம் வாசியும். வாசித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் நான் ஒப்பமிடுவேன்.

உதயகலா